நூற்று நாற்பத்தோராம் பக்கம்

"அம்மா, என்ன பண்றீங்க? லைப்ரரி புக்குல எழுதக்கூடாதுன்னு உங்க தலைக்கு மேலயே எழுதி ஒட்டியிருக்கே."

நூலகர் இப்படிக் கேட்டபடி வரும்போது பேராசிரியை பாதி வரியை அடித்து முடித்திருக்கிறார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மீதி வரியையும் அடிக்கிறார். கறுப்பு மையில் ஒரே கோடு, அடியில் இருக்கும் எழுத்து தெரியும்படி. பிறகு ஓரத்தில் பொடி எழுத்தில், 'தவறு. இவர் உயிருடன் இருக்கிறார்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார். மை காயும்வரை ஊதுகிறார். அதன் பிறகுதான் புத்தகத்தை மூடி, அட்டையில் இருக்கும் பெயரையும் தன் அடையாள அட்டையில் இருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்.

"நான் எழுதின புத்தகம்தான்."

"இருக்கட்டும்மா. நீங்க எழுதினதா இருந்தாலும் புக்கு எங்களோடது."

"தப்பு என்னோடதாச்சே," என்கிறார் பேராசிரியை.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நூலக விதிகளில் இல்லை. நூலகர் மூக்கைச் சொறிந்துகொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டார். பேராசிரியை ஒரு சின்ன நோட்டை எடுத்து, நூலகத்தின் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டார். அன்றோடு நூற்றுப் பதினேழு பிரதிகள் ஆயிற்று. எழுநூறு பிரதி அச்சான புத்தகம் அது. நூலகங்களுக்குப் போனது மட்டும் முந்நூற்றுச் சொச்சம் என்று அவரிடம் கணக்கு இருக்கிறது.

வாசலில் வேனுக்குள் கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் லேத் பட்டறைக்காரர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. சனிக்கிழமைகளில் பட்டறையைப் பாதி நாளோடு மூடிவிட்டு மனைவியை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிறார்.

"ஆச்சா? செத்தவங்கள உயிரோட கொண்டு வர்றது நல்ல காரியம்தான். ஆனா வெயில்ல வண்டிக்குள்ள நான் செத்துக்கிட்டிருக்கேன், அதையும் கொஞ்சம் குறிச்சு வச்சுக்க."

பேராசிரியை சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்குச் சிரித்திருப்பார்.

ஐம்பத்தொன்பது வயது. ஒல்லியான உடம்பு. தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொள்வார், அது பார்த்தாலே தெரியும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுவார். பல்கலைக்கழகத்தில் முப்பத்தோரு வருடமாகப் பாடம் நடத்துகிறார். அறைக் கதவில் இருக்கும் பலகையில் 'பின்காலனியப் பெண் இலக்கியம், பெண்ணியக் கோட்பாடு' என்று எழுதியிருக்கும். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வெள்ளைக்காரன் ஆண்டுவிட்டுப் போன நாடுகளில் பெண்கள் என்ன எழுதினார்கள், எதை எழுதாமல் முழுங்கினார்கள், முழுங்க வைத்தது யார் என்று தோண்டிப் பார்க்கிற வேலை. நல்ல வேலைதான். தோண்டுகிறவர்கள் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் சரி.

மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார், பேசவும் விடமாட்டார். 'எல்லாரும் சொல்றாங்க மேடம்' என்று ஒரு பெண் வாயைத் திறந்தால், 'எல்லாரும்னா யாரு? எந்த வருஷம்? எந்தப் பக்கம்?' என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார். வீட்டிலும் அதே கதை. மழை வரும் போலிருக்கிறது என்று கணவர் சொன்னால், யார் சொன்னது என்பார். "நான் இரும்பக் கடையறேன், அவ வார்த்தையக் கடையறா. ரெண்டு பேருக்கும் தூள்தான் மிச்சம்," என்று கணவர் பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவார்: 'ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்வதை முதலில் நம்பு. ஆராய்ச்சி பிறகு.' முப்பது வருடம் எழுதினார். இந்த வருடம் எழுதவில்லை.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பத்தொன்பது வருடத்துக்கு முன் வந்த அந்தப் புத்தகம். அதிலும் ஐந்தாம் அத்தியாயம். அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் புனைபெயரில் ஒரே ஒரு நாவல் எழுதிவிட்டுக் காணாமல் போனார். தொலைபேசி எக்சேஞ்சில் வேலை பார்க்கிற பெண்களின் கதை. வெள்ளைக்கார அதிகாரிகள் மூட்டை கட்டிக்கொண்டு போகிற கடைசி மாதத்தில், அவர்கள் பேசுகிற கடைசிப் பேச்சுகளை இணைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்கிறார்கள் அந்தப் பெண்கள். அதில் ஒரு வரி: 'கொடியை மாற்றினார்கள், என் காதில் மாட்டியிருந்ததை யாரும் கழற்றவில்லை.' அந்த ஒரு வரிக்குப் பேராசிரியை நாற்பது பக்கம் எழுதினார். பழைய புத்தகக் கடையில் கிலோக் கணக்கில் கிடந்த நாவலைத் தூசி தட்டி எடுத்து உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான். அதை யாரும் மறுக்க முடியாது. அந்த எழுத்தாளர் அதற்குப் பிறகு ஒன்றுமே எழுதாமல் போனதை 'மௌனத்தின் எதிர்ப்பு' என்று பெயர் வைத்து விளக்கினார். ஏழு பல்கலைக்கழகங்களில் அது பாடம்.

அந்த அத்தியாயத்தில், நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில்தான் அந்த வரி. 'இரண்டாவது சொல் எழுதாமலே அவர் காலமானார்.'

இது எப்படி வந்தது என்று கேட்டால் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய கூத்து. நாவலை வெளியிட்ட பதிப்பகத்துக்குப் போய் விசாரித்தபோது, அங்கே இருந்த வயதான குமாஸ்தா, "அந்தம்மாவா? இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாங்கம்மா," என்றார். பேராசிரியை அதை எழுதிக்கொண்டு, கீழே ஒரு எண் போட்டு, 'நேர்ப்பேச்சு, பதிப்பக அலுவலர்' என்று குறிப்பு வைத்தார். இரண்டு வருடம் கழித்து வேறொரு ஆய்வாளர் அந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டித் தன் புத்தகத்தில் இறந்துபோனதாக எழுதினார், உத்தேசமாக ஒரு வருடத்தையும் சேர்த்து. அதற்கும் மூன்று வருடம் கழித்துப் பேராசிரியை எழுதிய கட்டுரையில், இறந்த வருடத்துக்கு ஆதாரமாக அந்த ஆய்வாளரின் புத்தகத்தைக் காட்டினார். குமாஸ்தா வெற்றிலைக்கு நடுவில் சொன்னது, கோட்டு மாட்டிக்கொண்டு பேராசிரியையின் வாசலுக்கே திரும்பி வந்தது. அவரும் அடையாளம் தெரியாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்.

போன வருடம் வகுப்பில் ஐந்தாம் அத்தியாயம் நடத்தும்போது, புத்தகத்தில் இருந்த மங்கலான படத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டார். எக்சேஞ்ச் பெண்கள் வரிசையாக நிற்கிற படம், அதில் மூன்றாவதாக நிற்பவர்தான் அந்த எழுத்தாளர். பின் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், மூணாவதா நிக்கறது எங்க அப்பாவோட அத்தை. எங்க வீட்டுலயும் இந்தப் படம் இருக்கு."

"அப்படியா. அவங்க எப்ப இறந்தாங்கன்னு வீட்டுல சரியா தெரியுமா?"

"இறக்கலையே மேடம். நேத்துக்கூட மிக்ஸி சத்தம் தாங்கலன்னு எங்கம்மாவோட சண்டை போட்டாங்க."

வகுப்பே சிரித்தது. பேராசிரியைக்கு வாயில் பழகிய கேள்வி தானாக வந்துவிட்டது. "ஆதாரம் இருக்கா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "ஆளே இருக்காங்க மேடம்."

அன்று சாயங்காலமே போனார். மாடிப்படி ஏறி, செருப்புகள் கிடக்கும் வராந்தா தாண்டி, உள் அறையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் எண்பத்துநாலு வயது அம்மாள். வீட்டில் எல்லோருக்கும் அவர் எக்சேஞ்ச் அத்தை. இரண்டு கண்ணிலும் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. காது மட்டும் பாம்புக் காது. முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் பேசியதைக் கேட்ட காது.

பேராசிரியை தன் பெயரைச் சொன்னார். அத்தை முகத்தைத் திருப்பி, குரல் வந்த பக்கம் பார்த்தார்.

"என்னைக் கொன்னவங்களா? வாங்க, உக்காருங்க."

கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் பேராசிரியைக்குத் தாங்கவில்லை.

"வருஷா வருஷம் பென்ஷன் ஆபீசுக்குப் போய், உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன். அங்க இருக்கற பையன் என் மூஞ்சியப் பாத்துட்டு நம்பறான். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு அது பத்தாது போல."

மௌனம் பற்றிப் பேராசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார். ஏன் எழுதாமல் இருந்தீர்கள் என்று.

"மௌனமா? எனக்கு ஷிஃப்ட் வேலை. வீட்டுல எட்டு பேருக்குச் சோறு. மௌனமா இருக்க எங்கம்மா நேரம்? ரிடையர் ஆனப்புறம் உக்காந்தேன். பத்து வருஷம் எழுதினேன். நாநூத்திப் பன்னெண்டு பக்கம்."

பேராசிரியை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். எழுதி முடித்து, நூல் கோத்துத் தைத்து, பழைய பதிப்பகத்துக்கே அனுப்பினார். கையால் எழுதிய ஒரே பிரதி. "தம்பி மகன் ஜெராக்ஸ் போட்டு வச்சுக்கங்க அத்தைன்னான். பெரிய கம்பெனி, தொலைச்சுடுவாங்களான்னு விட்டுட்டேன்." மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இறந்துபோன ஆசிரியரின் பெயரில் வந்துள்ள கையெழுத்துப் படியை ஏற்க முடியாது, அவர் இறந்ததற்கு ஆய்வு நூலில் சான்று உள்ளது, சட்டப்படியான வாரிசு யாரும் வந்தால் பேசலாம், அதுவரை படி எங்கள் வசம் இருக்கும்.

"வாரிசு வந்தா பேசலாமாம். நானே போய் எனக்கு வாரிசுன்னு நின்னா நல்லாவா இருக்கும்?" அத்தை சிரித்தார். பிறகு, "உங்களுக்கும் ஒரு லெட்டர் போட்டேன். வந்துதா தெரியல," என்றார்.

மறுநாள் பேராசிரியை துறையின் பழைய கோப்பு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். 'வாசகர் எதிர்வினை' என்று எழுதிய கோப்பில், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கடிதங்களுக்கு நடுவில் அது இருந்தது. தெளிவான கையெழுத்து.

'தங்கள் நூலின் நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் நான் இறந்துவிட்டதாக உள்ளது. நான் இறக்கவில்லை. இரண்டாவது நாவல் எழுதி முடித்திருக்கிறேன். தாங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் பதிப்பகத்தார் நம்புவார்கள்.'

கடிதத்தின் மூலையில் பென்சிலால் ஒரு குறிப்பு. 'நம்பத்தக்கதல்ல. சான்று இணைக்கப்படவில்லை. கோப்பில் சேர்க்கவும்.' எழுதியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. அவருடைய கையெழுத்து அவருக்குத் தெரியாதா.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கணவர் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பென்சில் குறிப்பையும் படித்தார். அவருக்கு எப்போதும் வாயில் ஒரு கிண்டல் இருக்கும். அன்றைக்கு இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, புத்தகத்தைத் திருத்தச் சொல்லவில்லை. "நடுவுல என்ன எழுதினேன்னு எனக்கே மறந்துபோச்சும்மா. முதல் அத்தியாயம் நெனவு இருக்கு, முடிவு நெனவு இருக்கு. நடுவுல அந்தப் பொண்ண என்ன பண்ணினேன்னு தெரியல. கண்ணும் போயிடுச்சு. நீங்க சொன்னா குடுப்பாங்க. வாங்கிட்டு வந்து ஒருதடவ படிச்சுக் காட்டுங்க. அச்சாகறதெல்லாம் அப்புறம்."

பதிப்பகத்தில் இப்போது இருப்பது பழைய முதலாளியின் மகன். மரியாதையான மனிதர். "தேடிச் சொல்றோம் மேடம்," என்றார். அடுத்த மாதமும் தேடிச் சொல்றோம். அதற்கடுத்த மாதமும் அதேதான். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. அந்த எட்டு மாதமும் சும்மா இருக்க முடியாமல்தான் பேராசிரியை நூலகம் நூலகமாகப் போய்த் தன் வரியைத் தானே அடிக்கத் தொடங்கினார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. துறையில் இளைய ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தில் சொன்னார்: "மேடம், அவங்க உயிரோட இருக்காங்கன்னு ஆயிட்டா அஞ்சாம் அத்தியாயமே நிக்காதே. ரிடையர் ஆகற நேரத்துல எதுக்கு?"

"விழட்டும்பா," என்றார் பேராசிரியை. "ஓட்டை வீடுதானே."

வியாழக்கிழமை தோறும் அத்தையிடம் போவார். முதலில் பேனாவும் நோட்டும் கொண்டு போனார். அத்தை, "என்னம்மா, மறுபடி என்னை எழுதப்போறீங்களா?" என்று கேட்டதிலிருந்து வெறுங்கையோடு போகிறார். கதையைச் சொல்லுங்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "சொல்றதுக்கு வம்பா அது? எழுதினதும்மா," என்று அத்தை முடித்துவிட்டார். அதனால் மிக்ஸி, முட்டிவலி, தம்பி மகனின் கஞ்சத்தனம் என்று பேச்சு ஓடும். எந்த இடத்திலும் 'ஆதாரம்' கேட்காமல் உட்கார்ந்திருக்கப் பேராசிரியை பழகிக்கொண்டார். கிளம்பும்போது மட்டும் அத்தை கேட்பார், "ஏதாவது தகவல்?" "தேடறாங்கம்மா." "தேடட்டும். பெரிய கம்பெனி. பத்திரமாத்தான் வச்சிருப்பாங்க."

போன செவ்வாய்க்கிழமை பேராசிரியை பதிப்பகக் கிடங்குக்கே போய் நின்றார். பதிவேட்டைக் காட்டுங்கள், அது போதும் என்றார். முதலாளி மகன் வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தார். தடிமனான பதிவேடு. படி வந்த தேதி இருந்தது. பக்கங்கள் நானூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. அதற்கு நேரே, ஏழு வருடம் கழித்து வேறு மையில் ஒரு வரி: 'ஆசிரியர் காலமானவர். வாரிசு எவரும் வரவில்லை. கிடங்கு மாற்றத்தின்போது கழிவுக் காகிதத்தில் சேர்க்கப்பட்டது.' அதிலும் ஓரத்தில் ஆதாரம் குறித்திருந்தார்கள். புத்தகத்தின் பெயர், பேராசிரியையின் பெயர், பக்க எண்.

"ரூல்படிதான் மேடம் பண்ணியிருக்காங்க," என்றார் முதலாளி மகன். அவர் சொன்னது உண்மைதான்.

வீட்டில் கணவர் கேட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, "இன்னும் தேடறாங்கன்னே சொல்லிடேன். எண்பத்துநாலு வயசு. அந்த நெனப்புலயே இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

"அவங்க எக்சேஞ்ச்ல இருந்தவங்க. குரல்லயே தெரிஞ்சுடும்."

"அப்ப நான் வேணா வந்து சொல்றேன்."

"வேண்டாங்க."

வியாழக்கிழமை. பல்கலைக்கழகத்திலிருந்து நேரே போனார். தோளிலிருந்த பையைத் தரையில் வைத்தார். அது தொப்பென்று விழுந்தது. ஜன்னலோரம் இருந்த முகம் சட்டென்று திரும்பியது.

"பை கனமா இருக்கே," என்றார் அத்தை. "கெடச்சுடுச்சா?"

பேராசிரியை வாயைத் திறந்தார். அவருக்கு மௌனத்தைப் பற்றி அத்தியாயமே எழுதத் தெரியும். இதற்கு ஒரு வாக்கியம் கோக்கத் தெரியவில்லை. வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் படியேறும்போதே உதிர்ந்துபோயிருந்தது.

"இல்லம்மா. அழிச்சுட்டாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு."

அத்தை தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ மறுமுனையிலிருந்து வரவேண்டும் என்பதுபோல.

"எதுக்கு அழிச்சாங்க?"

"நீங்க இறந்துட்டதா நான் எழுதினதைப் பாத்துட்டு."

சமையலறையில் மிக்ஸி ஓடி நின்றது. அத்தை மடியில் இருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்தப் பைய இங்க குடுங்க," என்றார்.

"அதுல ஒண்ணும் இல்லம்மா."

"குடுங்களேன்."

பேராசிரியை பையை எடுத்து அவர் மடியில் வைத்து ஜிப்பைத் திறந்தார். அத்தையின் கை உள்ளே போனது. குடையைத் தொட்டது, தள்ளியது. சாப்பாட்டு டப்பாவைத் தொட்டது. அப்புறம் ஒரு தடித்த காகிதக் கட்டின்மேல் நின்றது. விரல்கள் ஓரத்தில் ஓடி, முதுகுப் பக்கம் போய், அங்கிருந்த கம்பிச் சுருளைத் தடவின.

"இது என்ன?"

"ஒரு மாணவியோட ஆய்வேடு. திருத்தறதுக்கு."

"நான் நூல் போட்டுத் தச்சிருந்தேன்," என்றார் அத்தை. கட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கை இன்னும் கீழே போனது. முழங்கை வரைக்கும் போயும் பையின் அடி எட்டவில்லை.

பேராசிரியை தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் கை அடிவரைக்கும் போய்வர இடம் கிடைக்கும்படி, பையின் வாயை இரண்டு கைகளாலும் அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டார்.